நாற்பத்தைந்து டிகிரிக்காரர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இவர்கள் முகங்களைப் பார்ப்பதில்லை, மூலைகளைப் பார்ப்பார்கள். கதவைச் சுற்றி அடித்திருக்கும் மரப்பட்டி, சுவரில் தொங்கும் படத்தின் ஃபிரேம், ஷோகேஸின் விளிம்பு என்று எங்கெல்லாம் இரண்டு மரத்துண்டுகள் சாய்வாக அறுக்கப்பட்டு ஒன்றோடொன்று சேர்கின்றனவோ அங்கெல்லாம் முதலில் கண் போகும், பிறகு விரல் போகும், கடைசியில் அந்தச் சேர்க்கைக்குள் நகம் இறங்குகிறதா என்று சோதனை நடக்கும். இறங்கிவிட்டால் அவர்களுக்கு அன்று நல்ல நாள். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் இப்படிச் செய்வார்களா என்று கேட்கிறீர்களா? அங்கேதான் நிதானமாகச் செய்வார்கள். பேசுவதற்கு வேறு ஒன்றும் இல்லையே.

திருவனந்தபுரம் கரமனையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் பூதலிங்கம் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. பூர்வீகம் நாகர்கோவில். ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதற்காகவே அத்தனை வருஷம் சம்பளம் வாங்கிய கை, ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்குமா? வீட்டைப் புதுப்பிக்க வந்த ஷிஜு என்ற ஆசாரி கதவுப் பட்டியை அடித்து முடித்த அன்று, பூதலிங்கம் தன் பழைய விசிட்டிங் கார்டை எடுத்து மூலையில் செருகினார். கார்டு நின்றது. "இதாக்கும் உன் வேலையா? கார்டு போகுதே" என்றார்.

"சாரே, சுவரு நேரே அல்ல" என்றான் ஷிஜு.

"சுவரைக் குத்தம் சொல்லாத. தொண்ணூறைப் பாதியாக்கினா நாப்பத்தஞ்சு. இதுக்கு ஓர் ஆசாரி எதுக்கு?"

ஷிஜு அடுத்த நாள் வரவில்லை. பூதலிங்கம் அதைத் தம் வெற்றி என்றே எடுத்துக்கொண்டார். உடனே சாலைக் கடைத்தெருவுக்குப் போய், வட்ட வாளும் டிகிரி போட்ட தட்டும் உள்ள மரத்தைச் சாய்வாக அறுக்கும் மைட்டர் மெஷின் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி வந்து, மனைவி சொர்ணம்மாள் துணி காயப்போடும் பால்கனியில் நிறுவினார். அன்றிலிருந்து துணி உள்ளே காய்ந்தது. எந்தத் துணியை உதறினாலும் மரத்தூள் விழுந்தது. அவரோ செல்போனில் வெளிநாட்டுத் தாடிக்காரர்கள் மரம் அறுப்பதைப் பார்த்து, அவர்கள் தலையாட்டும் இடத்தில் தாமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இதோடு நின்றிருந்தால் இவர்கள் வெறும் தொந்தரவு. நிற்க மாட்டார்கள்.

சொர்ணம்மாளின் பிறந்த வீடு விற்பனையானபோது அவள் தம்பி ஸ்ரீகுமார், அங்கே சுவரில் இருந்த பழைய ஸ்டுடியோ படம் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பார்ப்பவர் கண்ணுக்கு இடப்பக்கம் சற்று விலகி அம்மா நிற்பாள். அவள் இடுப்பில், படத்தின் ஓரத்தை ஒட்டி, ஒரு குழந்தை. அதுதான் மூத்தவன். ஸ்டுடியோக்காரர் சொடுக்கிய நேரத்தில் தலையைத் திருப்பிவிட்டதால் முகம் கொஞ்சம் கலங்கி விழுந்திருக்கும். நடக்கத் தொடங்கிய பருவத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான். சொர்ணம்மாள் பிறப்பதற்கு முன்பே போனவன். அப்படி ஒருவன் இருந்தான் என்பதற்கு அந்தக் கலங்கல் ஒன்றே சாட்சி. ஆனாலும் அம்மா சாகும்வரை அந்த வீட்டில் "உங்க அண்ணன்" என்றுதான் பேச்சு.

"ஃபிரேம் செல்லரிச்சுப் போச்சுக்கா. வேற போட்டு நீயே வச்சுக்க" என்றான் ஸ்ரீகுமார்.

"பழவங்காடிப் பக்கம் ஒரு கடை இருக்கு. அங்க குடுத்திருவோம்" என்றாள் சொர்ணம்மாள்.

பூதலிங்கம் செய்தித்தாளை மடித்து வைத்தார். தம் வீட்டில், தம் மெஷின் இருக்க, கடையில் கொடுப்பதா? "அவன் நாலு கட்டையைச் சேத்து, இடுக்குல மெழுகைத் தேச்சுத் தருவான். நான் இருக்கேன்லா" என்றார். சொர்ணம்மாளுக்கு இஷ்டமில்லை. ஆனால் ஓய்வு பெற்ற கணவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம் நாள் முழுக்க அவரோடு ஒரே வீட்டில் இருப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியாதா? படத்தைக் கொடுத்தாள். "முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்து வச்சிருவமா?" என்று மட்டும் கேட்டாள். "ஃபிரேம் போட்ட பொறவு எடுக்கலாம், அப்பதான் லட்சணமா இருக்கும்" என்றார்.

நல்ல தேக்கு வாங்கினார். நான்கு துண்டுகளை அறுத்தார். மூன்று மூலைகள் அழகாகச் சேர்ந்தன. நான்காவது வாயைத் திறந்தது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மெஷின் தட்டில் அரை டிகிரி பிசகியிருந்தால் அது ஒவ்வொரு வெட்டிலும் சேர்ந்து சேர்ந்து கடைசி மூலையில் மொத்தமாக வந்து நிற்கும். தட்டைச் சரிபார்த்து, கழிவுத் துண்டில் வெட்டிப் பழகி, எதிரெதிர்த் துண்டுகள் ஒரே நீளம்தானா என்று ஒட்டி வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. தாடிக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். ஆனால் தட்டைச் சரிபார்ப்பதென்றால் தட்டு தப்பு என்று ஆகும். அதை வாங்கியவர் யார்?

எனவே நான்காவது துண்டில் ஒரு சீவு சீவினார். இப்போது அது எதிர்த்துண்டைவிடக் குட்டை. அதையும் சீவினார். மூன்றாவது மூலை திறந்தது. அதற்காக இன்னும் இரண்டு துண்டுகள். இப்படியே பல காலைகள் போயின. வாள் அலறும்போதெல்லாம் மேல்மாடி சஜின் ஜன்னலைச் சாத்துவான். சொர்ணம்மாள் குக்கர் விசிலை எண்ண முடியாமல் பருப்பைக் குழைய விட்டாள். கடைசியில் ஒரு நாள் நான்கு மூலைகளும் சேர்ந்தன. நகம் இறங்கவில்லை. கார்டு இறங்கவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஒரு கீற்றுகூடத் தெரியவில்லை. பூதலிங்கம் பசை தடவி இறுக்கிக் கட்டிக் காயவைத்து, அன்று மத்தியானம் இரண்டு பங்கு சோறு உண்டார்.

பிறகுதான் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். ஃபிரேமுக்குள் படம் அடங்கவில்லை.

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்வோம்? புதிதாகக் கொஞ்சம் மரம் வாங்குவோம். அதை அவரும் நினைத்தார், ஒரு கணம். ஆனால் இவ்வளவு சுத்தமான நான்கு மூலைகள் இன்னொரு தரம் வாய்க்குமா? படத்தைக் கூர்ந்து பார்த்தார். மேலும் கீழும் வெறும் இருட்டு. இரு ஓரத்திலும் வெறும் திரைச்சீலை. ஸ்கேலும் பிளேடும் எடுத்து அவற்றை நறுக்கினார். போதவில்லை. வலப்பக்கம் இனி நறுக்கினால் மாமனாரின் முழங்கை போகும். மாமனார் முழங்கையில் கை வைப்பது மரியாதையா? ஆக, இடப்பக்கம். அங்கே இருப்பது குழந்தை. அதுவும் தெளிவாகவா இருக்கிறது? ஆடிவிட்ட முகம், ஒரு கறை மாதிரி. அது போனால் மாமனாரும் மாமியாரும் நடுவில் வந்து படமே எடுப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது மட்டுமல்ல, ஸ்டுடியோக்காரர் அன்று செய்யத் தவறியதைத் தாம் திருத்தித் தருவதாகவே பட்டது. பிளேடு இன்னும் இரண்டு தரம் இறங்கியது. படம் அடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீகுமாரை வரச் சொன்னார். சஜினையும் கூப்பிட்டார். அதுவரை சொர்ணம்மாளுக்குக்கூடக் காட்டாமல் தாள் சுற்றி வைத்திருந்த படத்தை ஹாலில் மாட்டி, தாளை உருவினார்.

"மூலையைப் பாருங்க. நகத்தை வச்சுப் பாருங்க" என்றார்.

சஜின் நகத்தை வைத்துப் பார்த்தான். "கொள்ளாம் அங்கிளே, பெர்ஃபெக்ட்" என்றான்.

"இதுல ஒரு முடி போகாது, கேட்டியா. மிஷின்ல வார்த்தாப்புல இருக்கும்."

ஸ்ரீகுமார் மூலையைப் பார்க்கவில்லை. படத்துக்கு நேரே போய் நின்றான். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "அக்கா, இங்க வா. அண்ணனை எங்க?" என்றான்.

சொர்ணம்மாள் ஈரக் கையோடு வந்தாள். அம்மாவின் ஓரத்துத் தோள் வரை படம் இருந்தது. கை எதையோ அணைத்தபடி வளைந்து போய், தேக்குக்குள் நுழைந்து மறைந்தது.

"அது ஒரு கலங்கல்லா சொர்ணம்" என்றார் பூதலிங்கம். "ஆளே தெரியாது. இப்ப பாரு, மாமா நடுவுல வந்திட்டாரு. நாலு மூலையும் எப்படிப் பொருந்தியிருக்குன்னு பாரு."

"எல்லாம் பொருந்தித்தான் இருக்கு" என்றாள் அவள். "ஆளைத்தான் காணல."

சஜின் போன் வந்ததுபோல் பாவனை செய்துகொண்டு மாடிக்குப் போய்விட்டான். அவள் பால்கனிக்குப் போய் மரத்தூள் கட்டி வைத்திருந்த பையைத் தரையில் கொட்டி, உட்கார்ந்து தேடினாள். ஸ்ரீகுமாரும் உட்கார்ந்தான். நாடா நாடாவாகத் துண்டுகள் கிடைத்தன. படத்தை இறக்கி, பின்பலகையைப் பெயர்த்து, படத்தைப் பத்திரமாக உருவி மேஜையில் வைத்தாள். பிறகு காலி ஃபிரேமைச் சுவரோரம் சாய்த்து, தேங்காய் வெட்டும் கத்தியின் பின்புறத்தால் ஒரு போடு போட்டாள். அது முறிந்தது. பூதலிங்கம் வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அக்காளும் தம்பியும் ஓர் அட்டையில் துண்டுகளைச் சேர்த்து வைத்து ஒட்டத் தொடங்கினார்கள். ஒரு வெட்டு குழந்தையின் கன்னத்தின் குறுக்கே போயிருந்தது. எப்படி ஒட்டினாலும் அந்தக் கோடு தெரிந்தது. "நான் ஊருக்குக் கொண்டுபோறேன்க்கா" என்றான் ஸ்ரீகுமார். அவள் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பில் கணவனைப் பற்றிய தீர்ப்பும் இருந்தது. அதைப் படிக்க அவருக்கு நேரமில்லை. அவர் தரையில் குந்தி, முறிந்த துண்டுகளைப் பொறுக்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொர்ணம்" என்றார், உண்மையான வியப்போடு. "மரந்தான் பிளந்திருக்கு. ஜாயிண்ட் விடல்ல."

அக்காளும் தம்பியும் அடுத்த துண்டை ஒட்டினார்கள்.

நீங்கள் ஒருவேளை மரத்தைத் தொட்டே இராதவராக இருக்கலாம். பூதலிங்கத்தை நினைத்து முகம் சுளித்திருக்கலாம். நல்லது. ஆனால் சற்றுமுன், மரம் பிளந்தும் சேர்க்கை விடவில்லை என்று படித்தபோது, அது என்ன பசையாக இருக்கும் என்று ஒரு கணம் யோசித்தீர்களா? யோசித்திருந்தால் வீட்டில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். பழைய படங்களை உங்கள் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.