பக்லாவாவில் புதினா

எங்கள் வீட்டில் சாப்பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு, என்னைத் தவிர. சாம்பாரில் உப்பு கரிக்கிறது என்று பக்கத்து வீட்டு ஆன்டி சொன்னால் செல்லும். நான் சொன்னால் விசாரணை நடக்கும். இதற்குக் காரணம் என் நாக்கு அல்ல. மூக்குக்குக் கீழே, மீசைக்கு மேலே இருக்கிற அரை அங்குல இடம். அந்த இடத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு தொழிற்சாலையையே நிறுத்தியிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மலேசியாவில், கிள்ளானில் ஐஸ்கிரீம் கப் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் விற்பனை வேலை. வாரத்துக்கு ஒருமுறை ஷா ஆலமில் ஓர் ஐஸ்கிரீம் தொழிற்சாலைக்குப் போவேன். (மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும். மற்ற மூன்று முறையும் தேவிகாவுக்காக.) தேவிகா அங்கே புதுச் சுவைகளை உருவாக்கும் பிரிவில் இருந்தாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பெண். கப்பின் விளிம்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் என்னிடம் பேசியதில்லை.

ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"குணா, வியாழக்கிழமை ஃப்ரீயா? டேஸ்டிங்குக்கு ஒரு ஆள் குறையுது."

"ஃப்ரீதான்," என்றேன். (வியாழக்கிழமை செமினியில் ஒரு பெரிய வாடிக்கையாளரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.)

விஷயம் இதுதான். பங்சாரில் உணவகம் நடத்தும் கோஸ்தாஸ் என்ற கிரேக்கர், தன் ஊர்ப் பலகாரங்களின் சுவையில் மூன்று ஐஸ்கிரீம் கேட்டிருந்தார். தேவிகா ஐந்து மாதம் அதற்காகவே உழைத்திருந்தாள். அவளுடைய தற்காலிக வேலை அந்த வாரத்தோடு முடிகிறது. கோஸ்தாஸ் தலையசைத்தால் நிரந்தரம். இல்லையென்றால் வீடு.

"பார்த்து, ஒழுங்கா சொல்லுங்க லா. பொய்யா பாராட்ட வேணாம்," என்றாள்.

நான் அப்போது பந்திங்கில் குடியிருந்தேன். மோட்டார் சைக்கிளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளுக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டே ஷா ஆலம் போய்ச் சேர்வதற்குள் தலைவலி வந்துவிடும். அதற்குத்தான் சட்டைப் பையில் எப்போதும் பச்சைத் தைலக் குப்பி. எங்கள் குடும்பத்தில் தைலத்தை யாரும் மருந்தாக நினைப்பதில்லை. தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி, பஸ் பயணம், பரீட்சை எல்லாவற்றுக்கும் அதுதான். அன்று தலைவலியோடு பயமும் சேர்ந்துகொண்டது. வண்டியை நிறுத்திவிட்டு நெற்றிப்பொட்டில் இரண்டு சொட்டு, மூக்கடியில் தாராளமாக ஒரு கோடு.

உள்ளே ஒரு படிவம் கொடுத்தார்கள். 'இன்று சென்ட் பூசியிருக்கிறீர்களா?' இல்லை என்று அழுத்தமாக டிக் செய்தேன். சென்ட் பூசுகிற ஆளா நான்?

ஆளுக்கொரு தடுப்புக்குள் உட்கார வைத்து, பெயர் எழுதாத மூன்று கப்புகளை நீட்டினார்கள். பக்லாவா என்பது வாதுமைக் கொட்டையையும் மெல்லிய மாவுத் தாள்களையும் அடுக்கிச் சீனிப்பாகில் ஊறவைக்கும் பலகாரம். இன்னொன்று ரவையும் பாலும் சேர்ந்த கூழை உள்ளே வைத்துச் சுடுவது. அதன் பெயரை இன்னும் என்னால் முழுதாகச் சொல்ல முடியாது. மூன்றாவது, தேனில் புரட்டிய பொரித்த உருண்டை. முதல் கப்பில் ஒரு வாய் வைத்தேன். கொட்டை, பட்டை, பாகு, பின்னாலேயே ஜில்லென்று புதினா. கிரேக்கர்கள் சமர்த்தர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதிலும் புதினா. மூன்றாவதிலும் புதினா. அப்போதுதான் சந்தேகம் வந்தது.

பிறகு எல்லோரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். கோஸ்தாஸ் ஒரு பக்கம், மேனேஜர் மிஸஸ் லிம் ஒரு பக்கம். சேரக் கூடாத வாசம் ஏதும் இருந்ததா என்று மிஸஸ் லிம் கேட்டார். பொய்யாகப் பாராட்ட வேண்டாம் என்று தேவிகா சொன்னது நினைவுக்கு வந்தது. நேர்மை என்னைப் பிடித்து ஆட்டியது.

"மின்ட் இருக்கு," என்றேன். "மூணுலயும்."

பக்கத்தில் இருந்த ஓர் அங்கிள் மூக்கை உறிஞ்சினார். "ஆமா லா. தம்பி சொன்ன பிறகுதான் எனக்கும் தெரியுது."

கோஸ்தாஸ் எழுந்துவிட்டார். "நோ மின்ட்! மை மதர், நோ மின்ட்!"

மிஸஸ் லிம்மின் முகம் வெளுத்தது. முந்தின நாள் அதே இயந்திரத்தில்தான் புதினா ஐஸ்கிரீம் ஓடியிருக்கிறது. சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது என்று முடிவு கட்டி, உடனே போன் செய்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இயந்திரம் நின்றது. நான்கு பேர் குழாய்களைக் கழற்றினார்கள். தேவிகா சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பெரிய ஆபத்திலிருந்து நாட்டைக் காப்பாற்றிய நிமிர்வோடு உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஓடிப்போய் போன மாதம் செய்து மூடி வைத்திருந்த டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். "இதைச் சாப்பிடுங்க."

"இதுலயும் இருக்கே."

என்னையே பார்த்தாள். ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினாள்.

குடித்தேன். நேர்மையாகத்தான் சொன்னேன். "இதுலயும் மின்ட் இருக்கு."

தேவிகா குனிந்து, என் முகத்துக்கு வெகு அருகில் வந்து மூச்சை இழுத்தாள். (மூன்று மாதமாக நான் கனவு கண்ட காட்சி. கனவில் அங்கிள் இல்லை.)

"தைலமா?"

சட்டைப் பையிலிருந்த குப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். கோஸ்தாஸ் குப்பியைத் திறந்து மோந்து பார்த்தார். அன்று அவருக்கும் நல்ல தலைவலி போல. இரண்டு பொட்டிலும் பூசிக்கொண்டு, கண்ணை மூடி, "வெரி குட்," என்றார். அன்று அவர் பாராட்டிய ஒரே பொருள் அதுதான்.

மறுநாள் நான் இல்லாமல் மறுபடி ருசி பார்த்தார்கள். மூன்றுக்கும் கோஸ்தாஸ் தலையசைத்தார். தேவிகாவுக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த வாரம் கப் கொண்டுபோனபோது வாசல் காவலாளியே என்னை மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார். அப்படிச் செய்யச் சொன்னவள் தேவிகா. மன்னிப்புக் கேட்க அரை மணி நேரம் பேசினேன். கப்பின் விளிம்பைத் தாண்டி நாங்கள் பேசியது அன்றுதான் முதல்முறை. மறு வருடம் கல்யாணம் நடந்தது. அந்த அங்கிள் பரிசாக ஒரு டஜன் தைலக் குப்பி கொடுத்தார்.

போன ஞாயிறு தேவிகா கேசரி கிண்டினாள். ஒரு வாய் போட்டுக்கொண்டு, "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றேன். எங்கள் ஆறு வயது மகள் நாற்காலியில் ஏறி, என் நெற்றிப்பொட்டு, காதோரம், மூக்கடி எல்லாவற்றையும் வரிசையாக மோந்து பார்த்தாள். பிறகு அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

"மம்மி, அப்பா கிளீன்! சீனி கூடத்தான்!"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "இன்னொரு தடவை நல்லா மோந்து பாரு."