யார் முதலில் வேண்டாம் என்பது

ஜெயபாண்டி மூன்றாவது முறையாகச் சந்தின் அகலத்தை அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மனைவி முத்துமீனா, சுவரோடு ஒட்டி நின்று மூச்சையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நீ மூச்ச இழுத்தா சந்து பெருசாகுமாடி?"

"கண்ணாடிய மடக்கிட்டாக் காரு உள்ள வந்துரும்னு சொன்ன ஆளுதான நீங்க?"

கண்ணாடியை மடக்கினாலும் ஒரு சாண் இடித்தது. தல்லாகுளத்தில் அவர்கள் வீடிருந்த சந்து ஸ்கூட்டர்களுக்கு மேல் எதையும் கனவு கண்டதில்லை. ஜெயபாண்டியோ, காளவாசலில் பழைய கார் விற்கும் தவசியிடம் இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மகள் இசைவாணியின் ஹாஸ்டலுக்குத் திங்கட்கிழமைக்குள் கட்ட வேண்டிய பணம் அது.

"போயி, காரு வேணாம்னு சொல்லித் திருப்பி வாங்கிட்டு வாங்க."

"அங்கதான் வில்லங்கம். வாங்குறவன் வேணாம்னா அட்வான்ஸ் போச்சு. விக்கிறவன் வண்டி இல்லேன்னு சொன்னா ரெண்டு மடங்காத் தரணும். கையக் குலுக்கிப் பேசின பேச்சு."

"அப்ப அவரச் சொல்ல வைங்க."

யோசனை நன்றாகத்தான் பட்டது. மறுநாளே ஜெயபாண்டி தவசியின் ஷெட்டில் போய் உட்கார்ந்தார்.

"தவசிண்ணே, வெல கூடுதலாத் தெரியுது. இன்னும் பத்தாயிரம் கொறைக்கணும்."

தவசி சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தார். தவசி சிரித்தார்.

"கொறைச்சாப் போச்சு."

"டயர் நாலும் புதுசா வேணும்."

"போட்டாப் போச்சு."

"வெள்ளக் கலரு வீட்ல பிடிக்கல. நீலம் கேக்குறாக."

"நீலமே அடிச்சுருவோம். நீங்க நம்ம ஆளு. வண்டி பட்டறைல நிக்குது, போன்ல போட்டோவக் காட்டவா?"

"வேணாம், வேணாம்!" என்று பதறினார் ஜெயபாண்டி. பார்த்தால் மறுபடி ஆசை வந்துவிடும்.

தவசி சட்டென்று நிமிர்ந்தார். "எது வேணாம்? வண்டியா?"

"பாக்க வேணாம்னேன்."

"ஓ" என்று தவசி மறுபடி நாற்காலியில் சாய்ந்தார்.

விஷயத்தைக் கேட்டு முத்துமீனா தலையில் அடித்துக்கொண்டாள். "வெலையக் கொறைச்சு, புது டயரு போட்டு, பெயிண்டும் அடிச்சுத் தாரேங்குறாரு. இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வேணாம்பீங்க?"

சனிக்கிழமை காலையில் தவசியே போனில் வந்தார். "மீதிப் பணம் ரெடியாண்ணே?"

ஜெயபாண்டி வாயில் வந்ததைச் சொன்னார். "வண்டிய எங்க வீட்டு வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டினாத்தான் மீதி."

மறுமுனையில் தவசியின் குரல் கூடியது. "வாசல்லயா? அப்ப எடத்தப் பாத்துருவோம். இந்தா வாரேன்."

போனை வைத்த பிறகுதான் தான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. இத்தனை நாள் மூடி மறைத்த சந்தைப் பார்க்க அவரே ஆளை அழைத்திருக்கிறார். 'நிறுத்த இடமில்லாமல் கார் பேசியது உன் தப்பு' என்று தவசி சொல்லிவிட்டால் இருபதாயிரமும் காலி.

தவசி பைக்கில் வந்து இறங்கினார். சந்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். முழுதாக விரிவதற்குள் இரண்டு பக்கமும் சுவர் வந்துவிட்டது. முத்துமீனா ஜன்னலுக்குப் பின்னால் நின்று அழகர் கோயில் இருக்கும் திசை நோக்கிக் கும்பிட்டாள்.

"அண்ணே, இதுக்குள்ள காரு நொழையாதே!" என்றார் தவசி.

ஜெயபாண்டி கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்களும் வேணாங்கல. நானும் இல்லேங்கல. சந்துதான் மாட்டேங்குது! அதுக்கு நீங்க என்ன செய்வீங்க, நான் என்ன செய்வேன்? சாயங்காலம் வாங்க, குடுத்ததக் குடுத்துர்றேன்."

முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள ஜெயபாண்டி மிகவும் பாடுபட வேண்டியிருந்தது. தவசி அவர் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பணம் முழுதாகத் திரும்பி வந்தது. ஷெட் வாசலில் நின்றபடியே, போனில் ஹாஸ்டலுக்குக் கட்டி முடித்தார். பிறகு எதிரே ஒச்சம்மாளின் டீக்கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். பல நாளுக்குப் பிறகு அவருக்குப் பசித்தது.

"யக்கா, ஒரு டீ, ரெண்டு வடை. தவசி மாதிரித் தங்கமான மனுசன நான் பாத்ததே இல்லக்கா. நெனைச்சிருந்தா என் அட்வான்ஸ அமுக்கியிருக்கலாம்."

ஒச்சம்மாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"தங்கமோ என்னமோ தம்பி, போன வாரம் அந்தக் காரை டி. கல்லுப்பட்டிக்காரர் ஒருத்தருக்கு வித்ததுலருந்து, ஒங்க தலையக் கண்டாலே அந்தாளுக்கு வேர்த்துக் கொட்டிக்கிட்டுல்ல இருந்துச்சு!"