கடுகின் பின்னங்கால்

இந்தக் காலத்து ஆட்களை என்னவென்று சொல்வது. வயசான மனுஷனைத் தனியாக விட்டுப் போகும்போது "கதவைப் பூட்டிக்கோங்க" என்பதோடு சரி. நாயை விட்டுப் போனால் இரண்டு பக்கம் எழுதிவைக்கிறார்கள்.

மருமகள் வைத்துவிட்டுப் போன தாளைப் பார்த்து, லாரி ஓட்டி ஓய்ந்த மாமனார் இப்படித்தான் முணுமுணுத்தார். கழுத்தில் பட்டை கூடாதாம், மார்பில்தான் மாட்டணுமாம். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை. சோபாவிலிருந்து குதிக்க விடவே கூடாது; சின்ன நாய்க்கு முழங்கால் சில்லு நழுவிவிடும்.

இரண்டு கிலோகூட இல்லாத நாய். பெயர் கடுகு.

"அப்பாகிட்ட விடாதே, கவனிக்க மாட்டார்" என்று மகன் தடுத்திருந்தான். "மாமா பார்த்துப்பார்" என்றது மருமகள் ஒருத்திதான்.

முதல் நாளே கடுகு சோபாவிலிருந்து குதித்தது. "நாய்னா குதிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிட்டார். மறுநாள் காலை அது இடது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது.

நம்பி விட்டுப் போனவள் முகத்தில் எப்படி விழிப்பது?

சோபாவுக்குப் படி கட்ட, கீழே கிடந்த செங்கற்களை மூன்று மாடி சுமந்து வந்தார். சாயங்காலம் நொண்டல் கூடியது.

போன் அடித்தது. மருமகள்.

"மாமா, கடுகு நல்லா நடக்கறானா?"

"நடக்கறான்."

எப்படி என்று அவள் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

"படி ஏற விடாதீங்க, தூக்கிட்டுப் போங்க" என்றார் கீழ்வீட்டுத் தையல்காரர். அடுத்த நாள் முழுக்க நாலு தடவை தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினார். விடிந்து பார்த்தால் கடுகு காலைத் தரையில் ஊன்றவே யோசித்தது.

மிருக டாக்டரிடம் ஓடினார். டாக்டர் அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார்.

"சில்லு அதோட இடத்துலதான் இருக்கு. எலும்பும் நல்லா இருக்கு."

"பின்னே ஏன் நொண்டுது? சரியாப் பாருங்க."

"கொஞ்சம் நடத்திக் காட்டுங்க."

சுவரிலிருந்து சுவர் வரை நடத்திக் காட்டினார். டாக்டர் நாயைப் பார்த்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நாயையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"உங்க இடது காலுக்கு என்ன பெரியவரே?" என்று கேட்டாள்.

"முப்பது வருஷம் கிளட்ச் மிதிச்ச கால். அதுக்கென்ன இப்போ?"

அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, வாரை வாங்கி கடுகை நடத்தினாள். அது வாலைத் தூக்கிக்கொண்டு நாலு காலிலும் ஜோராக நடந்தது.

"இதுக்கு ஒரு கோளாறும் இல்ல. உங்களைப் பார்த்து, உங்களை மாதிரியே நடக்குது. மருந்தை உங்க காலுக்குப் போடுங்க."

"நாய்க்கு அவ்வளவு புத்தியா? டாக்டர் கைராசி, தொட்டதும் குணமாயிடுச்சு" என்று வாரைப் பிடுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

பின்னாலேயே கடுகும் போனது, இடது காலைத் தாங்கித் தாங்கி.