குளியலறைச் சுவரும் கண்காணிப்புக் குழுக்களும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். குளியலறைச் சுவர் மட்டும் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும், என்னை அப்படியே உரித்து வைத்திருப்பதாகச் சொல்லப்படும் பேத்தியும் நலமென்று நம்புகிறேன். குழந்தையை எப்போது அழைத்து வரலாம் என்று நீங்கள் கேட்டதற்கு நான் இதுவரை பதில் போடாததற்கும் அந்தச் சுவர்தான் காரணம். வெள்ள நிவாரணக் கண்காணிப்புத் தலைமை அலுவலகத்திலேயே நீங்கள் வேலை பார்க்கும்போது, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

வெள்ளத்தில் சுவர் விழுந்ததா, தண்ணீர் வடிந்த கையோடு குட்டை மேஸ்திரியைக் கூப்பிட்டு, கடன் உடன் வாங்கிச் சுவரை எழுப்பிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன். அப்புறம்தான் முதல் குழு வந்தது. தலைவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "சேதம் எங்க?" என்றார். "கட்டிட்டேன் சார்" என்றேன். "நிவாரணம் வராமலே கட்டிட்டீங்கன்னா, உங்களுக்கு எதுக்குய்யா நிவாரணம்?" என்று கிளம்பிவிட்டார். கூட வந்தவர் நல்ல மனுஷன், போகிற போக்கில் காதோடு காதாக, "அடுத்த குழு வர்றதுக்குள்ள இடிச்சு வைங்க" என்றார். மேஸ்திரி கட்டினதுக்கும் கூலி வாங்கினார், இடிச்சதுக்கும் வாங்கினார். இடிக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கட்டும்போது நான் பார்க்கவே இல்லை.

முதல் குழு ஒழுங்காகப் பார்த்ததா என்று பார்க்க இரண்டாவது குழு வந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குளித்துக்கொண்டிருக்கிறாள். தலைவர் வெளியே நின்று, "அம்மா, ஆய்வு!" என்கிறார். "வெந்நீர் இருக்கு, மூஞ்சில ஊத்திடுவேன், ஓடிடு!" என்று உள்ளேயிருந்து சத்தம். ஒருவழியாக அவள் வந்தபிறகு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இது வெள்ளம் இடிச்ச இடி இல்லையே, கடப்பாரை இடிச்ச இடியாச்சே! வெள்ளம்னா செங்கல் உள்ள விழும், இது வெளிய விழுந்திருக்கு" என்றார். அப்புறம் என்ன, நானும் மேஸ்திரியும் ஒவ்வொரு செங்கல்லாத் தூக்கி உள்ள போட்டோம். இப்ப குளிக்கக் கால் வைக்க இடமில்லை.

மூணாவது குழு எதுக்கு வந்துச்சுன்னு எனக்கும் புரியல, அவங்களுக்கும் புரியல. மூணு கார்ல வந்து இறங்கி, மகளுக்காக உங்க அத்தை செஞ்சு வச்சிருந்த பலகாரத்தை டப்பாவோட காலி பண்ணிட்டு, "நிவாரணப் பணத்துல ஒரு காசைக்கூட யாரும் தின்னுடக் கூடாது, அதான் எங்க நோக்கம்"னாங்க. "பலகாரத்தை மட்டும் திங்கலாமா?"ன்னு அடுப்படியிலேர்ந்து உங்க அத்தை கேட்டா. நல்லவேளை, எல்லார் வாயும் நிறைஞ்சிருந்துச்சு. நான் மெல்ல, "சார், பணம்?"னேன். "உங்க தெருவுக்கு ஒதுக்குனதுல எங்க கார், ரூம், தினப்படி எல்லாம் போக மிச்சம் உங்களுக்குத்தான்." "மிச்சம் இருக்கா சார்?" "அதைப் பார்க்கத்தான் நாலாவது குழு வருது. அதுவரைக்கும் சுவரைத் தொடாதீங்க." வயிறு எரியுது மாப்பிள்ளை. இவங்களுக்குத் திருடனே தேவலாம், அவனாவது ஒரு தடவைதான் வருவான்.

ஆகவே மேலிடத்தில் ஒரு வார்த்தை சொல்லி, சுவரைக் கட்ட அனுமதி வாங்கித் தாருங்கள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட ஒரு மறைவு இல்லாத வீட்டுக்கு எந்த முகத்தோடு உங்களைக் கூப்பிடுவேன்? பேத்தியைத் தூக்கக் கை பரபரக்கிறது. எழுதும்போதே அழுகை வருகிறது. அவள் நெற்றியில் என் சார்பாக ஒரு முத்தம், மகளுக்கு ஆசி, உங்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
போர்வை மறைவில் குளிக்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் கார் வந்து நின்றது. நாலாவது குழுவில் பாதிக்கப்பட்டவர்கள் சார்பாக ஓர் உறுப்பினர் வேண்டுமாம், என்னைப் போட்டுவிட்டார்கள். காரில் முன் சீட்டு, படியும் உண்டு. உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது, பாவம், அவர்களுக்கு எத்தனை கஷ்டம் என்று! எதிர்வீட்டுக்காரர் சுவர் எழுப்ப ஆரம்பித்திருந்தார், "யாரைக் கேட்டுக் கட்டுறீங்க?" என்று நானே நிறுத்தி வைத்தேன். நம் சுவரை, புதிதாகச் சேரும் அதிகாரிகளுக்குக் காட்ட மாதிரிச் சேதமாக அப்படியே வைத்திருக்கச் சொல்கிறார்கள். நம் குடும்பத்துக்குப் பெருமைதானே? எனவே பேத்தி நடக்கப் பழகியபிறகு வரட்டும்.

இதைச் சொன்னதும் உங்கள் அத்தை பெட்டியைக் கட்டிவிட்டாள். கடிதத்தையும் அவளே கொண்டு வருகிறாள். "எப்ப திரும்பி வருவ?" என்று கேட்டேன். "நான் போன சேதத்தை உங்க குழு வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் வீட்டுல எதையும் தொடாதீங்க, அடுப்பையும் சேர்த்துத்தான்" என்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம், பேனாவைப் பிடுங்குகிறாள்.