யானைக்காகக் கறுத்த மோட்டார் சைக்கிள்

யானைக்குப் பிடித்த மாதிரி மோட்டார் சைக்கிளை மாற்றிக் கட்டிய மனிதர் பூலோகத்தில் ஒருவர்தான். எழுபதுகளில் சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் எங்களுக்குக் கம்பவுண்டர். பெயர் என்னவென்று ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கே இப்போது நினைவில்லை.

ஒருநாள் மலை ரோட்டு வளைவில் ஒற்றை யானை ஒன்று வண்டியில் வந்த அவரை மறித்து, வெகுநேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது. வேறு ஆளாக இருந்தால் கோயிலில் தேங்காய் உடைத்திருப்பார். இவர் ஆராய்ச்சியில் இறங்கினார். யானைக்குப் பளபளப்பு ஆகாது, படபட சத்தமும் ஆகாது என்று முடிவு கட்டினார். தொழிற்சாலைப் புகைபோக்கிக்கு அடிக்கும் கறுப்பு பெயின்ட் வந்தது. ஹேண்டில் பார், மட்கார்டு, சக்கரக் கம்பி எல்லாம் கறுத்தன. பிரஷ் பிடித்தவன் நான். ஏன் பிடித்தேன் என்று கேட்காதீர்கள், இன்றுவரை எனக்கும் விளங்கவில்லை. பிறகு போடிக்குப் போய்ப் புதுச் சைலன்சர் மாட்டி வந்தார். வண்டி பூனை மாதிரி வந்து நின்றது.

“இவ்வளவு கறுப்பா இருந்தா வேற யானைன்னு நெனச்சு சண்டைக்கு வராதா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“குட்டின்னுல்லா நெனைக்கும்,” என்றார்.

முன்பெல்லாம் இரண்டு வளைவுக்கு அப்பால் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் பாதிக் காய்ச்சல் இறங்கிவிடும். இப்போது மூடுபனியில் வண்டி கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. கங்காணி ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஹாரனைக் கேட்டு, குடையைப் போட்டுவிட்டு ஓடினார். கம்பவுண்டர் வந்தாரா, வந்துவிட்டுப் போனாரா என்று தெரியாமல் தோட்டமே குழம்பிக் கிடந்தது.

அந்தக் குழப்பத்தில்தான் ஒரு மத்தியானம் என் மனைவிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். நர்ஸம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும்படி கம்பவுண்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. இனி வரமாட்டார் என்று நினைத்து, நாலு பேராக அவளைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். பாதி வழியில் அவள், இதற்கு மேல் முடியாது என்றாள். தூளியைப் பாதையிலேயே இறக்கி வைத்தோம்.

நாங்கள் கிளம்பிய மறுநிமிடமே அவர் சத்தமில்லாமல் வந்து பூட்டிய வீட்டின் முன் நின்றிருக்கிறார். எந்தப் பாதையில் போனோம் என்று சொல்ல ஆளில்லை.

திடீரென்று மலையே அதிர்ந்தது. “கம்பவுண்டர் வாரார்,” என்று முதலில் சொன்னவள், வலியில் கிடந்த என் மனைவிதான்.

அவளைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து சத்தம் வந்த திசையில் ரோட்டுக்கு ஓடினோம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நர்ஸம்மா கையில் என் மகள் பிறந்தாள். வெளியே வண்டியில் சைலன்சர் இல்லை. சூட்டோடு கழற்றி வீசியதில் அவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். தானே களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“அப்போ யானை?” என்றேன்.

“யானைக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவுது தம்பி. தங்கச்சிக்குத் தெரியணும்லா.”

அந்தப் படபட சத்தத்தைவிட இனிமையான ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. மகளின் முதல் அழுகைகூட அதற்கு அடுத்த இடம்தான். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.