முன்னறை ரேடியேட்டர்

குமிழை இறுக மூடிய பிறகும் முன்னறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டே இருந்தது. அர்ஷாக் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் பிடித்து, நெற்றி சுவரில் இடிக்க இன்னொரு முறை திருகினான்.

அவனுக்குப் பின்னால் அப்பாவின் சவப்பெட்டி. அதைச் சுற்றிக் கறுப்புடையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அவன் முதுகு குலுங்குவது மட்டும்தான் தெரிந்தது.

"போதும்பா, அழாதே," என்றாள் வார்சிக் அத்தை. "என் தம்பி நல்லா வாழ்ந்துட்டுத்தான் போனான்."

"அழலை அத்தை. ரேடியேட்டரை மூடறேன்."

"வெளியே துப்பினா எச்சில் கல்லா விழுது. இதை ஏன் மூடணும்?"

"இந்தச் சூட்டுல அப்பா தாங்கமாட்டார். அண்ணன் வர்ற வரைக்கும் வச்சிருக்கணும்ல?"

அண்ணன் ஸோரிக் ரஷ்யாவின் வடக்கே எங்கோ வேலையில் இருந்தான். காலையில் ஃபோனில், "நான் முகம் பார்க்காம அப்பாவை எடுத்துடாதீங்க, நாளைக்கு வந்துடறேன்," என்று அழுதான். மூத்த மகன் இல்லாமல் தகப்பனைப் புதைத்தால் கியும்ரி நகரம் அதைப் பேரன் காலம் வரைக்கும் பேசும். உடலுக்கு மருந்து ஏற்றும் வழக்கம் ஊரில் உண்டுதான். ஆனால் அப்பா ஹம்போ உயிரோடு இருந்தபோதே அதைத் தடுத்துவிட்டார். "என்னை ஊறுகாய் போட்டீங்கன்னா எழுந்து உட்கார்ந்துடுவேன்," என்றிருந்தார். பெட்டி முன்னறையைத் தவிர வேறு அறையில் நுழையாது. மிஞ்சியது குளிர் ஒன்றுதான். குளிருக்கு ஊரில் பஞ்சமில்லை. அதை உள்ளே விடத்தான் ரேடியேட்டர் சம்மதிக்கவில்லை.

அர்ஷாக் ஜன்னலைத் திறந்தான். மெழுகுவத்திகள் எல்லாம் ஒரே மூச்சில் அணைந்தன. பனித்தூள் பறந்துவந்து அப்பாவின் புருவத்தில் உட்கார்ந்தது. அவர் ஏதோ நெடும்பயணம் போய்த் திரும்பியவர் போலத் தெரிந்தார்.

பக்கத்து வீட்டு ஷுஷான் பல் கிட்டிக்கச் சொன்னாள்: "அர்ஷாக், இப்படியே விட்டா எங்களுக்கும் சேர்த்துப் பெட்டிக்குச் சொல்லிடு."

ஜன்னலை மூடினான். சமையலறைச் சுவரில் தொங்கிய கேஸ் பாய்லரிடம் போனான். அதுதான் தண்ணீரைச் சுடவைத்துக் குழாய் வழியாக எல்லா அறைகளின் ரேடியேட்டர்களுக்கும் அனுப்புவது. அவனுடைய பள்ளித் தோழன் விரேஜ் சென்ற கோடையில் பொருத்தியது. புகைக்குழாயை வெளிப்பக்கம் சாய்த்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தான். அப்பா ஒரு நாற்காலி போட்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அர்ஷாக் அதன் சூட்டைக் கடைசி அளவுக்குக் குறைத்தான்.

வீடு மெல்லக் குளிர்ந்தது. சமையலறையில் அவன் மனைவி நாஸிக் கையுறையோடு வெங்காயம் நறுக்கினாள். சாயங்காலம் முன்னறை ரேடியேட்டரும் ஒருவழியாகக் குளிர்ந்தது. அர்ஷாக் அதன்மேல் கை வைத்து, அன்று முதல் முறையாக, அப்பா போய்விட்டார் என்பதை நினைத்தான்.

டொக்.

பெட்டியின் தலைமாட்டிலிருந்து வந்தது அந்தச் சத்தம். டொக். டொக்.

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வார்சிக் அத்தை குனிந்து, "என்னப்பா வேணும்?" என்று தம்பியிடம் கேட்டாள்.

அப்பாவுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. குழாய்தான் தட்டியது. தண்ணீர் உறையும் நிலைக்குப் பக்கத்தில் வந்தால் பாய்லர் யாரையும் கேட்காமல் தானே பற்றிக்கொள்ளும். அதன் சூடு நேராக முன்னறைக்கு வந்தது. ரேடியேட்டர் மறுபடி கொதித்தது.

அர்ஷாக் போய் பிளக்கைப் பிடுங்கினான்.

விடிந்தபோது சமையலறைக் குழாய்களும் படுக்கையறைக் குழாய்களும் உறைந்திருந்தன. ஆட்கள் நிறைந்திருந்த முன்னறைக் குழாய் மட்டும் உறையவில்லை. விரேஜுக்கு ஃபோன் போட்டான். விரேஜ் பக்கத்துக் கிராமத்தில் மாட்டிக்கொண்டிருந்தான், சாலை முழுக்கப் பனி.

"பிளக்கைப் பிடுங்கினியா? டேய், அது உறையாம காக்கறதே கரண்டை வச்சுத்தான்! கேஸும் கரண்டும் இருந்தாத்தானே தானா பத்திக்கும்?"

"கீழ்வீட்டுக்காரர் காருக்கு ஊத்தற உறையாத திரவம் ஒரு கேன் தர்றேங்கறார். அதை ஊத்தட்டுமா?"

"ஊத்திப் பாரு, உன்னை உங்கப்பா பக்கத்துலயே படுக்க வைக்கறேன். அது காருக்கு உள்ளது. பிளக்கைப் போடு. உறைஞ்ச குழாய்கிட்ட நெருப்பைக் கொண்டுபோகாதே, வெந்நீர்த் துணி சுத்து."

"முன்னறைக் குமிழ் வேலையே செய்யலடா."

"அதை அப்படியே விடு. நான் வர்றேன்."

பிளக்கைப் போட்டதும் பாய்லர் உறுமியது. மற்ற வழிகளைப் பனிக்கட்டி அடைத்திருந்ததால் அதன் வெந்நீர் முழுவதும் திறந்திருந்த ஒரே வழியில் ஓடியது. ஊர் முழுக்க ஜனவரி, முன்னறையில் மட்டும் ஜூலை. மொட்டாக வந்த பூக்கள் பெட்டியைச் சுற்றி விரிந்தன. பெண்கள் கோட்டைக் கழற்றினார்கள், பிறகு சால்வையை. துக்கம் கேட்க வந்தவர்கள் போகவே இல்லை. வீட்டில் வேறெங்கும் நிற்க முடியாததால் எல்லாரும் முன்னறைக்கே வந்து நெருங்கி நின்றார்கள். அவர்களுடைய சூடும் சேர்ந்துகொண்டது. அத்தை தேவாலய நாள்காட்டியால் தம்பிக்கு விசிறிவிட்டாள்.

பாதிரியார் வந்து ஜெபத்தைத் தொடங்கினார். நடுவில் நிறுத்தி, மூக்கை லேசாக அசைத்தார். மீதியை வேகமாகச் சொல்லி முடித்தார்.

"மகனே, இன்னிக்கே எடுத்துடுங்க."

"அண்ணன் வரணுமே, சாமி."

"வரட்டும். உங்கப்பா காத்திருக்கிற நிலைமையில இல்லை."

அர்ஷாக் கூடத்துக்குப் போய் அண்ணனை அழைத்தான்.

"அண்ணே, எங்க இருக்கே?"

"ஏர்போர்ட்லதான். பனி. நாளைக்கு எப்படியும்..." அவனுக்குப் பின்னால் கண்ணாடிக் கோப்பையில் ஒரு கரண்டி சுற்றியது. ஏதோ குழந்தை டிவி சத்தத்தை ஏற்றியது.

"நாளை வரைக்கும் தாங்காது. முன்னறை ரேடியேட்டரை நிறுத்த முடியலை. இன்னிக்கு மத்தியானமே எடுக்கறோம். என்னை மன்னிச்சுடு அண்ணே."

கரண்டி நின்றது.

"ரேடியேட்டரா?" ஸோரிக்கின் குரல், தலைச்சுமையை இறக்கி வைத்தவனின் குரலாக இருந்தது. "சரி. அதுக்கு நீ என்னடா பண்ணுவே. சரி."

மத்தியானம் ஹம்போவைப் புதைத்தார்கள். மண் இரும்பாக இருந்தது. சாவு விருந்தில் கோப்பை உயர்த்திய ஒவ்வொருவரும் இறந்தவரை வாழ்த்திய கையோடு ரேடியேட்டரைச் சபித்தார்.

"பாவம் ஸோரிக். ஏர்போர்ட்ல நின்னு அழுதுட்டிருக்கானாம்."

"வரத்தான் கிளம்பினான். இந்தச் சனியன் விட்டாத்தானே?"

கீழ்வீட்டுக்காரர் எழுந்துபோய் அதை ஒரு உதைகூட விட்டார். பிறகு உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு விரேஜ் வந்தான், தோளில் கருவிப் பையும் தொப்பியில் பனியுமாக. பெட்டி இருந்த இடத்தில் நின்று தொப்பியைக் கழற்றினான்.

"உன்னாலதான்டா," என்றான் அர்ஷாக். "உன் ஓட்டை வேலையால என் அண்ணன் அப்பா முகத்தைப் பார்க்கலை. சாகற வரைக்கும் இது எனக்குத் தீராது."

விரேஜ் குனிந்து, குமிழைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். அது கையோடு வந்தது. அதற்குப் பின்னால் வெறும் குழாய்தான்.

"இதுல வால்வே கிடையாது. எல்லா ரேடியேட்டரையும் மூடிட்டா பம்ப் தண்ணியை எங்க தள்ளும்? பாய்லர் கெட்டுடும். அதனால பாதுகாப்புக்கு ஒண்ணை எப்பவும் திறந்தே வைப்போம். நான் குளியலறையில வைக்கறேன்னுதான் சொன்னேன். உங்கப்பாதான் முன்னறையில வை, பேருக்கு ஒரு குமிழையும் மாட்டி விடுன்னார்."

"அப்பாவா? எதுக்கு?"

விரேஜ் குமிழைப் பழைய இடத்திலேயே பத்திரமாகப் பொருத்தினான்.

"'நான் செத்தா ஸோரிக் வரமாட்டான். சின்னவன் வாசலைப் பார்த்துக்கிட்டே ஊர் முன்னாடி நிப்பான். நாள் கடத்த முடியாதபடி செஞ்சுடு, பழி ரேடியேட்டர் மேல போகட்டும்'னார்."