கரடியாரின் வாயுத்தொல்லை

ஒரு காட்டில், டாக்டர் கொக்கின் அறைக்குள் மகனோடு நுழைந்ததும் கரடியின் மனைவி கதவைச் சாத்தினாள். வெளியே பெஞ்சில் இருக்கும் கணவரிடம் புற்றுநோய் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்றாள். வீட்டில் வாயுத்தொல்லை என்று சொல்லிவைத்திருந்தார்கள். மருத்துவமனையின் பெயர்ப்பலகையைப் படித்துவிடக் கூடாதென்று மகன் அவருடைய மூக்குக்கண்ணாடியை வாங்கிவைத்துக்கொண்டிருந்தான்.

வழக்கமான மருந்தோடு புதிய மருந்து ஒன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு நடப்பதாகக் கொக்கு சொன்னது. கரடியின் நோய்க்கு அது பொருந்தும். ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது இன்றோடு முடிகிறது.

"எங்கப்பா என்ன சோதனை எலியா?" என்றான் மகன்.

நர்ஸ் எலி ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. "எலிங்களுக்கெல்லாம் குடுத்துப் பார்த்தாச்சு, தம்பி" என்றது.

மகன் சற்று இறங்கிவந்தான். ஆனால் நோயாளியே எல்லாம் தெரிந்துகொண்டு சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது கொக்கு. மனைவி தானே போடுவதாகச் சொன்னாள். மகன், நோயின் பெயர் வரும் இடங்களில் வாயு என்று திருத்தித் தரச் சொன்னான். கொக்கு இரண்டுக்கும் மறுத்தது. விஷயம் தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவார் என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படியானால் அந்த மருந்தே வேண்டாம் என்று இருவரும் ஆட்டோ பிடிக்கப் போனார்கள்.

கரடி தானே உள்ளே வந்தார்.

"புத்துநோய்தான்னு எனக்குத் தெரியும், டாக்டர். புது மருந்துன்னு கதவு வழியா காதுல விழுந்துச்சு. எனக்குக் கிடைக்குமா?"

"சொல்ல முடியாதுங்க. யாருக்குப் புது மருந்துன்னு கம்ப்யூட்டர்தான் குலுக்கல் மாதிரி முடிவு பண்ணும். கிடைச்சாலும் பலன் இருக்குமான்னு எனக்குத் தெரியாது. பக்கவிளைவு வரலாம். பிடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம், வழக்கமான வைத்தியம் நிக்காது."

கரடிக்கு மனம் லேசானது. அவர் வீட்டில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாது என்று சொல்லும் ஒருவரை இப்போதுதான் பார்க்கிறார். படிவத்தை வரிவரியாகப் படித்துக்காட்டச் சொல்லி, இரண்டு இடங்களில் சந்தேகம் கேட்டு, கையெழுத்துப் போட்டார்.

"எனக்குத் தெரியும்னு அவங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்கமாட்டாங்க."

வாசலுக்குப் போய், வாயுவுக்குப் புது மருந்து வந்திருக்கிறதாம், கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார். மனைவியும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொக்கு ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது என்று மகன் தாயின் காதில் சொன்னான். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்லத் தெரியாதவர் போலத்தான் இருந்தது, பாவம், நல்ல டாக்டர் என்றாள் அவள்.

ஆட்டோவில் ஏறியதும் பெருங்காயம் போட்ட மோரை ஊற்றிக் கொடுத்தாள். கரடி மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு, சிரமப்பட்டு ஓர் ஏப்பத்தை வரவழைத்தார்.

நீதி: உண்மை பேசும் டாக்டருக்கும் நல்ல பெயர் கிடைக்கும், அவர் பொய் சொல்லிவிட்டதாக வீட்டார் நம்ப வேண்டும், அவ்வளவுதான்.